எலும்பு மருத்துவ மேதை ஹியூ ஓவன் தாமஸ்

மனித உடலுக்கு எலும்பு, மாளிகைக்குத் தூணும் உத்தரமும் போன்றது. எலும்புகள் உரிய இடத்தில் நின்று, மூட்டுகள் தடையின்றி இயங்கும்வரை அவற்றின் அருமை ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஓர் எலும்பு முறிந்தாலும், ஒரு மூட்டு நோயுற்று இறுகினாலும் அவ்வருமை அன்றே விளங்கிவிடும். கைகால்களை நம்பி உழைத்துப் பிழைக்கும் ஏழைக்கோ, கால் ஒன்று கெடின் அவன் குடும்பமே நிலைகுலையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை, பெருங்காயத்தோடு கூடிய எலும்பு முறிவுக்கும், முற்றிப்போன மூட்டு நோய்க்கும் மருத்துவர் பெரும்பாலும் நம்பியது அறுக்கும் வாளையே ஆகும். காயம் சீழ்பிடித்தால் கால் போகும். சிற்சில வேளைகளில் காலோடு உயிரும் போகும். 1846-ஆம் ஆண்டில் மயக்க மருந்து அறுவை மருத்துவத்தில் இடம்பெற்றது. நோய்க்கிருமிகளை அழித்துக் காயத்தைக் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் என்னும் பேரறிஞர் 1867-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். இவற்றால் அறுவை மருத்துவத்தின் கொடுமை தணிந்தது. ஆயினும் வெட்டுவது எளிதாயிற்றே அன்றி, வெட்டாமலே காப்பது எவ்வாறு என்னும் வினா விடையின்றி நின்றது. அவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஹியூ ஓவன் தாமஸ் என்னும் மருத்துவர் ஆவார்.

குடிவழி

வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கோடியில் ஆங்கில்சி என்னும் தீவு உள்ளது. ஏறத்தாழ 1745-ஆம் ஆண்டில் அத்தீவின் கரையருகே ஒரு கப்பல் உடைந்தது. அதிலிருந்து ஒரு சிறுவன் உயிர்தப்பிக் கரைசேர்ந்தான். அவன் பேசிய மொழி அங்கிருந்தோர் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவன் எந்நாட்டினன், எவர் மகன் என்பதும் தெரியவில்லை. அத்தீவினர் அவனுக்கு ஈவன் தாமஸ் என்று பெயரிட்டு வளர்த்தனர். வளர்ந்துவரும்போதே அவனிடம் ஓர் அரிய ஆற்றல் வெளிப்பட்டது. முறிந்த எலும்பைக் கையால் தடவிப் பார்த்தே, அது முறிந்த வகையை அவன் அறிந்தான். இடம்பெயர்ந்த மூட்டை இழுத்துப் பொருத்தினான். முதலில் விலங்குகளுக்குச் செய்த அவ்வுதவியைப் பின்னர் மக்களுக்கும் செய்யலானான். இவ்வாறு அக்குடும்ப வரலாறு கூறுகிறது. யாரோ பெற்ற அப்பிள்ளைக்கு அடைக்கலம் தந்த தீவு, அதற்குக் கைம்மாறாக ஒரு மருத்துவக் குடியையே பெற்றது.

எலும்பு கட்டும் அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் வழிவழியாக வந்தது. பேரனின் பெயரும் ஈவன் தாமஸ் என்பதே. அவர் தீவைவிட்டு இங்கிலாந்தின் மேலைக் கடற்கரையில் உள்ள லிவர்ப்பூல் நகரில் வந்து குடியேறினார். லிவர்ப்பூல் அந்நாளில் பெருந்துறைமுகமாய் விளங்கியது. பாய்மரத்திலிருந்து வழுக்கி வீழ்ந்த மாலுமிகளும், சுமை சரிந்து நசுங்கிய துறைமுகக் கூலியாட்களும், கப்பல் கட்டும் தளங்களில் இரும்புத் தகட்டால் அடிபட்ட தொழிலாளரும் நாள்தோறும் அவர் வாயிலில் வந்து நின்றனர். அவர் கைபட்டால் குணமாகும் என்னும் நம்பிக்கை ஏழைகளிடையே வேரூன்றியது.

எனினும் ஈவன் தாமஸ் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஆதலால் கல்லூரியிற் பயின்ற மருத்துவர்கள் அவரை இகழ்ந்தனர். அவர் ஒருமுறைக்கு மேலும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. மக்கள் தம் பக்கம் நின்றாலும், கற்றோர் அவையில் தமக்கு இடமில்லை என்பதை அவர் உணர்ந்தார். தாம் பட்ட இழிவு தம் மக்களுக்கு வருதல் ஆகாது என்று உறுதிகொண்டு, ஆண்மக்கள் ஐவரையும் முறைப்படி மருத்துவம் பயிலச் செய்தார். அவ்வைவருள் மூத்தவரே ஹியூ ஓவன் தாமஸ்.

இளமையும் கல்வியும்

ஹியூ ஓவன் தாமஸ் 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் ஆங்கில்சித் தீவில் பிறந்தார். இளமையில் அவர் மெலிந்த உடலினர். அவர் முதலில் தம் உறவினராகிய ஓவன் ராபர்ட்ஸ் என்னும் மருத்துவரிடம் நான்கு ஆண்டுகள் தங்கித் தொழில் பழகினார். பின்னர் எடின்பரோவிலும் இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியிலும் மருத்துவம் பயின்றார். 1857-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவர்க்குரிய தகுதிப் பட்டம் பெற்றார். பாரிஸ் நகருக்கும் சென்று அங்குள்ள மருத்துவமனைகளைக் கண்டு திரும்பினார்.

பட்டம் பெற்றதும் தந்தையாரோடு சேர்ந்து தொழில் செய்யத் தொடங்கினார். ஆனால் அக்கூட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. தந்தையோ கையறிவையே நம்பியவர். மகனோ உடற்கூறும் நோய்க்கூறும் கற்றுத் தேர்ந்தவர். ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கேட்கும் உள்ளம் மகனுக்கு இருந்தது. காரணம் கூறும் பழக்கம் தந்தைக்கு இல்லை. ஆகவே கருத்து வேறுபாடு தோன்றியது. 1859-ஆம் ஆண்டில் மகன் தனியே தொழில் நடத்தலானார்.

தந்தையைப் பிரிந்தாரேனும் அவர் கலையைத் தாமஸ் துறக்கவில்லை. தம் முன்னோர் மூன்று தலைமுறையாகக் கண்டறிந்த நுட்பங்களுள் உண்மையானவை எவை, வெறும் வழக்கமாய் நின்றவை எவை என்று ஆராய்ந்தார். அவ்வாறே கல்லூரியிற் கற்றவற்றையும் நோயாளியின் உடலில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். பரம்பரைக் கைத்திறமும் நூலறிவும் அவரிடத்தில் ஒருங்கே கூடின. அக்கூட்டுறவே பின்னர் எலும்பு மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

நெல்சன் தெரு இல்லம்

1864-ஆம் ஆண்டில் தாமஸ், எலிசபெத் ஜோன்ஸ் என்னும் நங்கையை மணந்தார். லிவர்ப்பூல் நகரில் நெல்சன் தெருவில் 11-ஆம் எண்ணுள்ள இல்லமே அவருடைய உறைவிடமும் மருத்துவ நிலையமும் ஆயிற்று. அவ்வில்லத்தில் மற்ற மருத்துவர் இல்லங்களிற் காணவியலாத ஒன்று இருந்தது. அஃது ஒரு பட்டறை. அங்கே ஒரு கொல்லர் உலையில் இரும்பைக் காய்ச்சி அடிப்பார். தோல் வேலை செய்பவர் ஒருவர் அவ்விரும்புக்கு மெத்தென்ற உறை தைப்பார். நோயாளியின் உடலளவை எடுத்த மருத்துவரே பட்டறைக்குச் சென்று, கருவி எவ்வாறு வளையவேண்டும், எங்கே அகலவேண்டும் என்று காட்டுவார். உடலோடு பொருந்தாத கருவி நோயினும் கொடியது என்பது அவர் கொள்கை. ஆதலின் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவிலேயே கருவி அமைந்தது.

பொழுது புலருமுன்னரே அவருடைய பணி தொடங்கிவிடும். காலை உணவு கொள்ளுமுன் நகரின் பல பகுதிகளுக்கும் சென்று நோயாளிகளைக் கண்டு வருவார். அதற்கெனத் தாமே வகுத்த அமைப்பில் சிவப்பு வண்ணக் குதிரை வண்டி ஒன்றைச் செய்வித்திருந்தார். அவ்வண்டி தெருவிற் செல்லும்போது உழைப்பாளர் மகிழ்ந்து வணங்கி நிற்பர். தொழிலாளர் சங்கங்கள் பலவற்றிற்கு அவரே மருத்துவர்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு நாள் அன்று. ஏழைகளுக்கு உரிய நாள். அன்று காலையில் எவரிடமும் ஊதியம் பெறாமல் மருத்துவம் செய்தார். தாயின் தோளிற் சாய்ந்த குழந்தைகளும், ஊன்றுகோல் தாங்கிய முதியோரும், தள்ளுவண்டியில் படுத்த தொழிலாளரும் நெல்சன் தெருவை நிறைத்து நிற்பர். ஒருவர்பின் ஒருவராக அனைவரையும் அவர் பார்ப்பார். பொருள் உள்ளோர்க்கு ஒரு கருவியும் இல்லார்க்கு ஒரு கருவியும் என்னும் வேறுபாடு அங்கே இல்லை.

நோயறியும் திறம்

உடலின் உள்ளே இருக்கும் எலும்பை இக்காலத்தில் எக்ஸ் கதிர்ப் படத்தால் எளிதிற் காண்கிறோம். அக்கதிரை ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டுபிடித்தது 1895-ஆம் ஆண்டின் இறுதியில் ஆகும். தாமஸ் காலத்தில் மருத்துவருக்குத் துணை கண்ணும் கையுமே. அவ்விரண்டையும் கொண்டே மறைந்த நோயை வெளிப்படுத்தும் வழிகளை அவர் கண்டார். அவற்றுள் ஒன்று இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. அது தாமஸ் சோதனை என வழங்கும்.

அக்காலத்தில் இடுப்பு மூட்டிற் காசநோய் பற்றிய குழந்தைகள் பலர் இருந்தனர். அந்நோய் பற்றிய மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். ஆனால் குழந்தையைப் படுக்கையில் கிடத்திப் பார்த்தால் கால் நேராக நீண்டிருப்பது போலவே தோன்றும். மூட்டு நிமிராத குறையை முதுகு வளைந்து ஈடுசெய்துவிடுவதே அதற்குக் காரணம். முதுகின் கீழ்ப்பகுதி படுக்கையில் படியாமல் வில்லைப்போல் வளைந்து நிற்கும். காலை மட்டும் நோக்கும் மருத்துவர், நோய் இல்லை என்று எண்ணி ஏமாறுவார். நோயோ நாளுக்குநாள் முற்றும்.

தாமஸ் குழந்தையைக் கடினமான மேசையின்மீது மல்லாந்து படுக்கச் செய்வார். நோயற்ற காலை மடக்கி, அதன் தொடை வயிற்றோடு ஒட்டும்வரை மேலே கொணர்ந்து பிடிப்பார். அப்போது வளைந்திருந்த முதுகு மேசையில் முற்றும் படிந்துவிடும். முதுகு படிந்ததும், நோயுற்ற தொடை தானே மேசையைவிட்டு மேலெழும். அஃது எழும் கோணமே மூட்டின் இறுக்கத்தைக் காட்டும் அளவாகும். இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு மேசையும், உடலின் இயல்பை உணர்ந்த இரண்டு கைகளும் போதும். முதுகின் வளைவு காலின் குறையை மறைக்கிறது என்பதை உய்த்துணர்ந்த அறிவே அதன் சிறப்பு.

ஓய்வே மருந்து

நோயை அறிந்த பின்னர் அதனைத் தீர்க்கும் வழி யாது? மூட்டு நோய்க்கு அந்நாளைய மருத்துவர் இருவகை வழிகளைக் கையாண்டனர். ஒரு சாரார் நோயுற்ற மூட்டை அறுத்து நீக்கினர். மற்றொரு சாரார், மூட்டு இறுகிப்போகும் என்று அஞ்சி, அதனை அடிக்கடி அசைத்து நீட்டியும் மடக்கியும் வந்தனர். இவ்விரண்டையும் தாமஸ் மறுத்தார்.

முறிந்த எலும்பையும் நோயுற்ற மூட்டையும் குணப்படுத்துவது மருத்துவரின் கை அன்று. உடலிலேயே அமைந்துள்ள இயற்கை ஆற்றலே என்பது அவர் துணிபு. அவ்வாற்றல் தன் பணியைச் செய்வதற்கு இடையூறு நேராமற் காப்பதே மருத்துவரின் கடமை. புண்ணுற்ற மூட்டு அசையுந்தோறும் ஆறிவரும் பகுதி மீண்டும் கிழிகிறது. ஆகவே அதற்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வும் நோயாளியின் விருப்பத்திற்கு விடப்படாமல் கருவியால் உறுதி செய்யப்படவேண்டும். இடையில் அறுபடாமல் தொடரவேண்டும். நோய் முற்றும் தீரும்வரை நீளவேண்டும். இம்மூன்றும் பொருந்தாத ஓய்வு ஓய்வாகாது என்று அவர் வலியுறுத்தினார். மூட்டு இறுகுவதற்குக் காரணம் ஓய்வு அன்று, தணியாத அழற்சியே என்பதையும் எடுத்துக்காட்டினார். இக்கருத்துகளை விளக்கி, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளின் நோய்களைப் பற்றி ஒரு நூலை 1875-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நெடுங்காலம் ஓய்வு என்றவுடன், நோயாளி மாதக்கணக்கில் படுக்கையிற் கிடக்கவேண்டும் என்று எண்ணுதல் கூடாது. கூலிவேலை செய்பவன் ஓராண்டு படுத்தால் அவன் மனைவி மக்கள் என் செய்வர்? உடலெல்லாம் படுக்கையிற் கிடப்பதும் ஒரு நோயே அன்றோ? ஆதலால், உறுப்பு ஓய்ந்திருக்கவும் மனிதன் நடமாடவும் வழி தேடினார் தாமஸ். அத்தேட்டத்தின் பயனே அவர் பெயரால் வழங்கும் சிம்பு.

தாமஸ் சிம்பு

முறிந்த உறுப்பு அசையாதவாறு வைத்துக் கட்டும் பட்டையைச் சிம்பு என்பர். மரப்பட்டைகளையும் மூங்கிற் பத்தைகளையும் வைத்துக் கட்டுதல் உலகில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். தாமஸ் அமைத்த சிம்பு புதியதொரு முறையில் அமைந்தது.

தொடையின் மேல்முனையைச் சுற்றி அணியத்தக்க ஓர் இரும்பு வளையம் அதன் முதலுறுப்பு. அவ்வளையம் சற்றே சாய்வாக அமைந்து, மெத்தை வைத்துத் தோலால் தைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து காலின் இருபுறமும் இரண்டு இரும்புக் கம்பிகள் கீழ்நோக்கிச் சென்று, பாதத்திற்கும் அப்பால் ஒன்றுசேரும். கம்பிகளுக்கிடையே தோற்பட்டைகள் கட்டி, அவற்றின்மேல் காலைக் கிடத்துவர்.

முழங்கால் நோயுற்றவன் இச்சிம்பை அணிந்து எழுந்து நின்றால், அவன் உடற்சுமை நாம் அமரும்போது இருக்கையில் அழுந்தும் இடுப்பெலும்பின் வழியாக வளையத்தில் இறங்கும். வளையத்திலிருந்து கம்பிகளின் வழியாகத் தரையைச் சேரும். நோயுற்ற முழங்கால் சுமை சிறிதும் தாங்காமல் இரு கம்பிகளுக்கும் நடுவே தொங்கி நிற்கும். சிம்பு காலினும் நீண்டிருப்பதால், நலமுள்ள காலின் காலணிக்கடியில் ஓர் உயரக்கட்டையைப் பொருத்தி இரண்டையும் சமப்படுத்துவர். இவ்வாறு நோயாளி நடந்து திரிவான். அவன் மூட்டு மட்டும் ஓய்ந்திருக்கும்.

தொடை எலும்பு முறிந்தவனுக்கும் இதே சிம்பு உதவியது. தொடையைச் சூழ்ந்துள்ள தசைகள் மிக வலியன. எலும்பு முறிந்தவுடன் அவை சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துவிடும். காலில் ஒட்டிய பட்டைகளை இழுத்துச் சிம்பின் கீழ்முனையிற் கட்டினால் கால் கீழ்நோக்கி இழுபடும். மேலே வளையம் இடுப்பெலும்பில் ஊன்றி எதிர்த்து நிற்கும். இவ்விரு விசைகளுக்கும் இடையே முறிந்த எலும்பு நேராகி நிலைபெறும். இஃதன்றி, இடுப்பு மூட்டு நோய்க்கென முதுகிலிருந்து கெண்டைக்கால்வரை செல்லும் மற்றொரு சிம்பையும் அவர் அமைத்தார். பாதம் தட்டையானவர்க்கு உட்புறம் முன்னோக்கி நீண்ட காலணிக் குதியையும் வகுத்தார். அதற்கும் அவர் பெயரே வழங்குகிறது.

பண்பும் புறக்கணிப்பும்

தாமஸ் குள்ளமான, மெலிந்த தோற்றத்தினர். கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புச் சட்டையும், மாலுமிகள் அணியும் தொப்பியும் அவருடைய மாறாத உடை. இளமையில் காயமுற்ற ஒரு கண்ணை மறைக்கும்படி தொப்பியைச் சாய்த்து அணிவார். நோயாளியிடம் அவர் காட்டிய பரிவுக்கு அளவில்லை. ஆனால் சக மருத்துவரிடம் அவர் பேச்சும் எழுத்தும் கடுமையானவை. தம் தந்தையார் பட்ட இகழ்ச்சியை அவர் மறந்தாரல்லர். தவறெனத் தோன்றியதை எவர் செய்யினும் அஞ்சாது கண்டித்தார். கண்டிக்குங்கால் நயம் நோக்கவில்லை. ஆகவே அவருடைய நூல்களைப் பலர் படிக்கவேயில்லை. படித்தவருட் பலர் கருத்தை விடுத்துக் கடுமையையே கண்டனர். லிவர்ப்பூல் நகரின் பெரிய மருத்துவமனை எதிலும் அவர் பதவி பெற்றதில்லை.

மெய்யைக் கண்டவர் அதனை இன்சொல்லால் கூறியிருந்தால், அவர் முறை இன்னும் விரைவிற் பரவியிருத்தல் கூடும். அதனால் பிழைத்திருக்கக் கூடிய கால்களும் பலவாயிருக்கும். இஃது அவர் வாழ்வில் அமைந்த ஒரு குறையே. எனினும் புறக்கணிப்பால் அவர் மனம் தளரவில்லை. மற்றவர் துண்டிக்கவேண்டும் என்று கூறிய கால்களோடு அவரிடம் வந்து, அக்கால்களாலேயே நடந்து சென்ற ஏழைகள் அவருக்குச் சான்றாய் இருந்தனர்.

ஓய்வின் பெருமையை உலகிற்கு உணர்த்திய அவர் தமக்கென ஓய்வு கொண்டதில்லை. இடையறாத உழைப்பு அவர் உடலைத் தேய்த்தது. குளிர்காலத்தில் சளிக்காய்ச்சல் கண்டு, 1891-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் லிவர்ப்பூல் நகரின் உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். கற்றோர் அவை அளிக்காத சிறப்பை, கப்பற்றுறையின் ஏழை மக்கள் அளித்தனர்.

மருகர் தொடர்ந்த பணி

தாமசுக்கு மக்கட்பேறு இல்லை. ஆனால் அவர் மனைவி வழியில் மருகராகிய ராபர்ட் ஜோன்ஸ் என்பவர் 1873-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், நெல்சன் தெரு இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். தாமஸ் அவரை மகனைப்போல் வளர்த்து மருத்துவம் பயிற்றினார். குருவின் திறமனைத்தும் மாணவரிடம் வந்தது. குருவின் கடுமை மட்டும் வரவில்லை. ஜோன்ஸ் இன்முகமும் இன்சொல்லும் வாய்ந்தவர். அதனால் மாமனார் மூடிய கதவுகள் மருகருக்குத் திறந்தன.

லிவர்ப்பூல் பக்கத்துக் கடலிலிருந்து மான்செஸ்டர் நகர்வரை 36 மைல் நீளமுள்ள கப்பற்கால்வாய் ஒன்று அப்போது வெட்டப்பட்டு வந்தது. பல்லாயிரம் தொழிலாளர் அங்கே உழைத்தனர், விபத்துகளும் மலிந்தன. 1888-ஆம் ஆண்டில் ஜோன்ஸ் அப்பணிக்குரிய மருத்துவத் தலைவர் ஆனார். கால்வாய் நெடுகிலும் முதலுதவி நிலையங்களும் மூன்று மருத்துவமனைகளும் அமைந்தன. தாமஸ் வகுத்த முறைகள் ஒரு வீட்டின் எல்லையைக் கடந்து, ஆயிரக்கணக்கானோர்க்கு அங்கே பயன்பட்டன.

எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளிவந்த சில வாரங்களுக்குள், 1896-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஒரு சிறுவனின் மணிக்கட்டில் புதைந்திருந்த துப்பாக்கிக் குண்டை அக்கதிர்ப் படத்தால் ஜோன்ஸ் கண்டறிந்தார். ஆலிவர் லாட்ஜ் என்னும் இயற்பியல் அறிஞர் அதற்குத் துணைபுரிந்தார். கையால் தடவி அறிந்த முன்னோரின் கலை, ஒளியால் ஊடுருவிக் காணும் அறிவியலோடு இணைந்தது.

போர்க்களத்தில்

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. பீரங்கிக் குண்டுகளாலும் இயந்திரத் துப்பாக்கிகளாலும் தொடை எலும்பு நொறுங்கிய வீரர் எண்ணற்றோர். அவர்களைச் சகதி நிறைந்த போர்க்களத்திலிருந்து தூக்கி வரும்போது ஒவ்வோர் அசைவிலும் முறிந்த முனைகள் தசையைக் கிழித்தன. உள்ளேயே குருதி பெருகியது. வலியும் அதிர்ச்சியும் சேர்ந்து மருத்துவமனையை அடையுமுன்னரே பலரைக் கொன்றன. காலோடும் உடலோடும் சேர்த்துக் கட்டிய நீண்ட மரப்பலகைகள் அவ்வசைவைத் தடுக்கவில்லை. தொடையில் குண்டு பாய்ந்து எலும்பு முறிந்தவருள் நூற்றுக்கு எண்பதின்மர் போரின் தொடக்க ஆண்டுகளில் மாண்டனர் என்று படைமருத்துவர் கணக்கிட்டனர்.

அப்போது படைத்துறையின் எலும்பு மருத்துவப் பகுதிக்குத் தலைமை ஏற்ற ராபர்ட் ஜோன்ஸ், தம் மாமனாரின் சிம்பைப் போர்க்களத்திற்குக் கொண்டுவந்தார். வீரன் வீழ்ந்த இடத்திற்கு அருகிலேயே, அவன் காலணியையும் உடையையும் கழற்றாமல், அவற்றின்மேலேயே சிம்பை அணிவித்து, காலை இழுத்துக் கட்டிய பின்னரே அவனைத் தூக்கிச் செல்லவேண்டும் என்னும் முறை ஏற்பட்டது. காயமுற்றோரைத் தூக்கிச் செல்வோர்க்கு அணிவகுப்புப் பயிற்சியைப்போல் இதனைப் படிப்படியாகக் கற்பித்தனர். இதன் பயன் விரைவில் விளங்கியது. 1917-ஆம் ஆண்டில் ஆராஸ் நகரருகே நடந்த போரில் இம்முறையைக் கையாண்டபோது, சாவின் தொகை நூற்றுக்கு இருபதிற்கும் கீழே இறங்கியது என்று அம்மருத்துவர்கள் எழுதிவைத்தனர். காயத்தைத் தூய்மைசெய்யும் அறுவை முறைகள் திருந்தியதும் இதற்கு ஒரு காரணமாகும். எனினும் முதற்பெருங் காரணம் ஓர் இரும்பு வளையமும் இரண்டு கம்பிகளுமே. நெல்சன் தெருக் கொல்லுலையில் ஏழைக் கூலியாளுக்காக அடித்துச் செய்த கருவி, அதனைச் செய்தவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், ஆயிரக்கணக்கான வீரரின் உயிரைக் காத்தது.

இன்றைய நிலை

அறிவியல் ஓரிடத்திலேயே நிற்பதன்று. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் தோன்றின. அவற்றால் மூட்டுக் காசநோய்க்கு ஆண்டுக்கணக்கில் சிம்பு அணியும் தேவை குறைந்தது. 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர், தொடை எலும்பின் உட்குழலில் நீண்ட உலோகக் கோலைச் செலுத்தி முறிவை நிலைப்படுத்தும் முறையை மருத்துவ உலகிற்கு அறிவித்தார். இப்பொழுது அம்முறையால் நோயாளி சின்னாட்களிலேயே எழுந்து நடமாடுகிறார். ஆகவே, நெடுங்கால ஓய்வு பற்றித் தாமஸ் கூறியவை அனைத்தும் இன்று அவ்வாறே கொள்ளப்படுவதில்லை.

ஆயினும் முறிந்த இடம் அசையாது நிற்றல் வேண்டும் என்னும் அடிப்படை உண்மை மாறவில்லை. தாமஸ் அதனை உடலின் வெளியே இரும்புக் கம்பியால் செய்தார். இக்கால மருத்துவர் உடலின் உள்ளே உலோகக் கோலால் செய்கின்றனர். உறுப்பு அசையாதிருக்க, மனிதன் இயங்கவேண்டும் என்று அவர் கொண்ட நோக்கமே இன்றும் எலும்பு மருத்துவத்தின் நோக்கமாய் விளங்குகிறது. விபத்தில் தொடை முறிந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், அறுவைக்கு முன் காலை நிலைநிறுத்தவும் தாமஸ் சிம்பு இன்றும் பயன்படுகிறது.

முடிவு

கல்லாத எலும்பு வைத்தியரின் மகன் என்று இகழப்பட்டவர் ஹியூ ஓவன் தாமஸ். அவர் தந்தையின் கலையை நாணி மறைக்கவுமில்லை, குருட்டுத்தனமாகப் போற்றவுமில்லை. கல்வியின் ஒளியில் அதனை ஆராய்ந்து தூய்மைப்படுத்தினார். மருத்துவப் பட்டம் பெற்ற பின்னரும் கொல்லுலையின் அருகே நின்று இரும்பை வளைத்துக் காட்டுவதை இழிவாகக் கருதவில்லை. புகழ் தம்மை நாடி வருமோ என்று காத்திராமல், நாள்தோறும் வாயிலில் வந்து நின்ற ஏழையின் காலைக் காப்பதே தம் கடமை எனக் கொண்டார். அறிவும் கைத்தொழிலும் ஒன்றையொன்று இகழாமல் கூடி வாழுமாயின் மன்னுயிர்க்கு எத்துணை நன்மை விளையும் என்பதை அப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு இனிது உணர்த்துகிறது. கற்ற கல்வியைக் கைப்பழக்கத்தாற் செம்மைசெய்து, எளியவர்க்குப் பயன்படுமாறு வாழ முயல்வதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.